மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி... ஆய்வுக்கூடம் சொன்ன பதில் என்ன?

ஐப்பசியில் இரண்டு மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், உடுமலைப்பேட்டையைச் சுற்றிக் கீழாநெல்லியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொமரலிங்கம், கல்லாபுரம் பக்கத்து வயல் வரப்புகளில், தென்னந்தோப்பு நிழலில், ஏன், ஸ்பின்னிங் மில் காம்பவுண்டுச் சுவரோரம்கூட முழங்கால் உயரத்துக்கு முளைத்து நிற்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள். கீழே காய்க்கிற நெல்லி. பெயரே அடையாளம் சொல்லிவிடும்.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டால் அடுத்து என்ன என்பது எல்லா அமுச்சிகளுக்கும் தெரியும். செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மையாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். மூன்று நாளா, ஏழு நாளா என்பது வீட்டுக்கு வீடு மாறும். உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது, கறி கூடவே கூடாது. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாதுங்க, பச்சிலைதானுங்க" என்பார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பையன் மஞ்சள் கண்ணோடு லீவு போட்டு ஊருக்கு வருகிறான். பச்சிலை, பத்தியம், ஓய்வு. இரண்டு மூன்று வாரத்தில் கண் வெளுக்கிறது, பசி எடுக்கிறது, மறுபடியும் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறான். கண்ணெதிரே நடந்ததை யார்தான் மறுத்துப் பேச முடியும்?

இந்த நம்பிக்கையை அறிவியல் உலகம் கேலி செய்து ஒதுக்கவில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. சென்னைப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் நோபல் பரிசு விஞ்ஞானி ஒருவரும் சேர்ந்து இதே செடியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். உலகின் மிகப் பழைய மருத்துவ இதழ்களில் ஒன்றான 'லான்செட்'டில் முடிவுகள் வெளியாகின. கொஞ்ச காலம் உலகமே கீழாநெல்லியை நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் என்ன ஆனது?

அதைப் பார்க்கும் முன், அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கண்ணில் தெரிவது நோயல்ல, அபாய மணி

நம் ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்த அணுக்களை உடல் உடைத்துப் பிரிக்கும்போது மிஞ்சும் கழிவுதான் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள். அது நீரில் கரையாது. கல்லீரல் அதை வாங்கி, நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரல் வீங்கினாலோ, பித்தக் குழாயைக் கல் அடைத்தாலோ இந்த வேலை தடைப்படும். கழிவு ரத்தத்திலேயே தேங்கும். கண்ணின் வெண்மை மஞ்சளாகும், சிறுநீர் டீ டிக்காஷன்போல் போகும்.

ஆக, மஞ்சள்காமாலை என்பது தனி ஒரு நோயின் பெயர் இல்லை. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள், ரத்தத்தின் வழியாகப் பரவும் பி, சி வைரஸ்கள், எலிக்காய்ச்சல், மது, பித்தப்பைக் கல், சில மாத்திரைகள்... இத்தனைக்கும் அறிகுறி ஒன்றே. அத்தனையையும் ஒரே பெயரில் அழைத்ததால், அத்தனைக்கும் ஒரே மருந்து என்றாகிவிட்டது.

இதில் ஹெபடைடிஸ் ஏ வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். உடலில் நிரந்தரமாகத் தங்காது. கல்லீரலும் லேசுப்பட்ட உறுப்பல்ல. ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1931-லேயே எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டாலும், மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு வாரங்களுக்குள் பழைய எடைக்கு வளர்ந்துவிடுகிறது!

பனியன் கம்பெனிப் பையனின் காமாலை இந்த ரகமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தானே நீந்திக் கரையேறியவனுக்குக் கைகொடுத்த பெயர் பச்சிலைக்குக் கிடைத்துவிட்டது. இதனால் பெரிய நஷ்டமில்லை என்று நினைக்கலாம். ஆனால் அதே தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் இ, நிறைமாத நெருக்கத்தில் இருக்கும் கர்ப்பிணியைத் தாக்கினால் கதை வேறு. கடைசி மூன்று மாதங்களில் இது வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று நாள் பச்சிலை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை.

ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லியைக் கையில் எடுத்தது ஏ-க்காகவோ இ-க்காகவோ இல்லை. அவர்கள் குறிவைத்தது, வந்தால் சத்தமில்லாமல் குடியேறிவிடும் ஹெபடைடிஸ் பி வைரஸை.

சென்னையும் ஃபிலடெல்ஃபியாவும்

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்தவர் பரூக் பிளம்பர்க். அவர் தேடியது வைரஸையே அல்ல. வெவ்வேறு இன மக்களின் ரத்தப் புரதங்களில் என்ன வித்தியாசம் என்று தேடிக்கொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் ரத்தநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றோடு வினைபுரிந்தது. 1965-ல் அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயரிட்டு வெளியிட்டார். அது மஞ்சள்காமாலை வைரஸ் ஒன்றின் மேலுறை என்பது பிறகுதான் புரிந்தது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு. இன்றும் லேப் ரிப்போர்ட்டில் 'ஹெச்பிஎஸ்ஏஜி' என்று வருவது இந்த மேலுறையைத்தான்.

வைரஸும் தெரியும், தடுப்பூசிக்கும் வழி பிறந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு? 1980-களில் அவர்களுக்குக் கொடுக்க நல்ல மருந்து எதுவும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் வைரஸைச் சுமந்துகொண்டிருந்தார்கள். நாட்டு மருத்துவத்தில் தேடினால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வலுப்பெற்றது.

அதற்கு முன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜன் குழு தேடலைத் தொடங்கியிருந்தது. கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி ஆகிய இரண்டின் சாறும் சோதனைக் குழாயில் அந்த மேலுறை ஆன்டிஜனைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982-ல் இந்த அணி எழுதியது. இரண்டுமே நம் வீட்டுக் கைவைத்தியச் செடிகள். தியாகராஜன் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார்.

ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில், பிளம்பர்க்கின் கூடத்தில் பி.எஸ்.வெங்கடேஸ்வரன் இதே கேள்வியோடு வேலை பார்த்தார். அங்கே அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: உட்சக். அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும், பூனை அளவுள்ள அமெரிக்க விலங்கு. ஃபிலடெல்ஃபியா விலங்குக்காட்சிச் சாலையைச் சேர்ந்த உட்சக்குகள் கல்லீரல் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தன. ஏன் என்று ஆராய்ந்தபோது, மனிதனைத் தாக்கும் பி வைரஸுக்குப் பங்காளி போன்ற ஒரு வைரஸ் அவற்றில் இருப்பது 1978-ல் தெரியவந்தது. மனிதனிடம் சோதிக்க முடியாததை இந்த விலங்கிடம் சோதிக்கலாம்.

1987 ஜனவரியில் வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், பிளம்பர்க் மூவரும் எழுதிய கட்டுரை வெளியானது. கீழாநெல்லியைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாறு, வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுத்தது. சமீபத்தில் தொற்றிய உட்சக்குகளுக்கு வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தியபோது, 3 முதல் 6 வாரங்களில் ரத்தத்தில் வைரஸின் தடயம் மறைந்தது. சிகிச்சையை நிறுத்தி 45 வாரங்களுக்கு மேலாகியும் திரும்பவில்லை.

அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒரு வரியும் இருந்தது. நீண்டநாளாக வைரஸைச் சுமந்த விலங்குகளுக்குத் தோலுக்கடியில் அதே சாற்றை 12 வாரம் செலுத்தியும் பலன் இல்லை. மருந்து ஒன்றுதான், நோய் எவ்வளவு பழையது, மருந்து எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள்ளேயே இருந்தது என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது.

அடுத்து மனிதர்கள். 1988 அக்டோபரில் லான்செட் இதழில் தியாகராஜன், பிளம்பர்க் உள்ளிட்டோரின் கட்டுரை. பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லா வெற்றுக் குளிகை. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜன் காணாமல் போனது. நூற்றுக்கு 59. வெற்றுக் குளிகை எடுத்த 23 பேரில் அப்படி ஆனது ஒரே ஒருவருக்கு.

இந்த வைரஸின் மேலுறை ரத்தத்தை விட்டுப் போவது என்பது, இன்றைய நவீன மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் வெகு சிலருக்கே நடக்கிற விஷயம். ஒரு மாதப் பொடியில் பாதிப் பேருக்கு மேல் நடந்தது என்றால்? அடக்கமாக 'ஆரம்பகட்ட ஆய்வு' என்றுதான் கட்டுரை சொன்னது. ஆனாலும் செய்தி பற்றிக்கொண்டது.

மற்ற ஊர்களில் ஏன் பலிக்கவில்லை?

அறிவியலில் ஒருவர் சொன்னால் போதாது. வேறு ஊரில், வேறு கையில், அதே முடிவு வர வேண்டும். தாய்லாந்தில் அறிகுறியில்லாத பி வைரஸ் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் அதே லான்செட்டில் பதில் வந்தது: வைரஸ் போகவில்லை. 1991-ல் நெதர்லாந்தும் அதையே சொன்னது. 1994-ல் நியூசிலாந்தும் அதையே சொன்னது.

காரணம் தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தது பெயர்க் குழப்பம். 1987 கட்டுரை செடியை 'ஃபிலாந்தஸ் நிரூரி' என்றது. 1988 கட்டுரையில் அது 'ஃபிலாந்தஸ் அமாரஸ்' ஆகிவிட்டது. இரண்டும் சகோதரச் செடிகள், ஒன்றல்ல. நம் ஊரிலும் இதே சிக்கல் உண்டு. கீழாநெல்லி என்று பறித்து வருவதில் தண்டு சிவந்த வேறொரு வகையும் கலந்திருக்கும். ஒரே வகையாக இருந்தாலும், எந்த மண், எந்த மாதம், பூக்கும் முன்பா பின்பா என்பதைப் பொறுத்து இலைக்குள் இருக்கும் வேதிப்பொருள்கள் மாறும். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கும். வரப்பில் பறித்த கைப்பிடிக்கு அட்டை கிடையாது.

ஆய்வின் அளவும் ஒரு காரணம். மொத்தமே 60 பேர். 2011-ல் காக்ரேன் அமைப்பு, ஃபிலாந்தஸ் இனச் செடிகளை பி வைரஸுக்குப் பயன்படுத்திய 16 ஆய்வுகளை, மொத்தம் 1,326 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்து அலசியது. அவற்றில் பெரும்பாலானவை, வைரஸ் மருந்தோடு இந்தச் செடியையும் சேர்த்துக் கொடுத்தவை. தனியாக, வெற்றுக் குளிகையோடு ஒப்பிடும்போது கீழாநெல்லி வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்று அது முடித்தது.

அப்படியானால் சோதனைக் குழாயில் பார்த்தது பொய்யா? பொய் இல்லை. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், தியாகராஜனோடு சேர்ந்து, செடி என்ன செய்கிறது என்பதையே மூலக்கூறு மூலக்கூறாகத் தோண்டினார்கள். கீழாநெல்லிச் சாறு வைரஸின் மரபணு ஆணைகள் எழுதப்படுவதையே குறைக்கிறது என்று 1996-ல் எழுதினார்கள். வைரஸின் மரபணுவில் 'என்ஹான்சர்' என்று ஒரு முடுக்கிப் பகுதி இருக்கிறது. நம் கல்லீரல் செல்லின் சொந்தப் புரதங்களே போய் அந்த முடுக்கியை அழுத்துகின்றன. கீழாநெல்லி அந்த அழுத்தத்தில் குறுக்கிடுகிறது. இது 1997-ல் வெளியான விவரம். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்லில் இது நடக்கிறது. அதே நேரம், மனிதக் கல்லீரலில் நோய் தீரவில்லை. ஏன்?

பேட்டர்ன் அட்டை பீரோவுக்குள் இருக்கிறது

இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர் பகுதிக்காரர்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மாஸ்டரிடம் பேட்டர்ன் அட்டை இருக்கிறது. அதை வைத்துத்தான் துணி வெட்டப்படும். வெட்டிய பீஸ் பவர் டேபிளுக்குப் போகும், தைத்தது செக்கிங், அயர்னிங் முடிந்து பாலிபேக்கில் ஏறி வெளியே போகும்.

பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை, தன் பேட்டர்ன் அட்டையைச் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பது. சுமார் 3,200 எழுத்துகள் மட்டுமே உள்ள மரபணு அது. மனித மரபணுவின் 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் ஒரு துண்டுச்சீட்டு. உட்கருவுக்குள் போனதும் அது மூடிய வளையமாக மாறி, ஒரு குட்டிக் குரோமோசோம்போல் உட்கார்ந்துகொள்ளும். செல்லுக்கு அது வந்தேறி என்றே தெரியாது. தன் சொந்த உத்தரவு என்று நினைத்து அதைப் பார்த்துப் பார்த்து உற்பத்தி செய்யும்.

கீழாநெல்லி ஆய்வுக்கூடத்தில் செய்தது, கட்டிங்கையும் தையலையும் மெதுவாக்கியது. இப்போது டாக்டர்கள் தரும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இதே தையல் பிரிவை, அதாவது பாலிமரேஸை, மிக வலுவாக நிறுத்துகின்றன. ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே போகும். கல்லீரல் வீக்கம் தணியும். ஆனால் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால்? பீரோவுக்குள் பேட்டர்ன் அட்டை பத்திரமாக இருக்கிறது. கம்பெனி மறுபடி ஓடத் தொடங்கும், சில சமயம் முன்பைவிட வேகமாக. அந்த அட்டையை எடுத்து எரிக்கும் மருந்தை உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வைரஸ் உள்ளே நுழையும் கதவு எது என்பதே 2012-ல்தான் தெரிந்தது. பித்த உப்புகளைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுவரும் ஒரு வாசல் அது. வேறு எந்த உறுப்பையும் விட்டுவிட்டு இந்த வைரஸ் கல்லீரலையே தேடிப் போவதன் ரகசியம் அந்த வாசல்தான். பெய்ஜிங்கில் லீ வென்ஹுய் குழு அதைக் கண்டுபிடித்தபோது, பிளம்பர்க் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இதில் இன்னொரு வினோதம். கல்லீரலைக் கெடுப்பது நேரடியாக இந்த வைரஸ் அல்ல. அது செல்லைக் கொல்வதில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்போல் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். நம் நோய் எதிர்ப்பு அணுக்கள்தான் தொற்றிய செல்களை அடையாளம் கண்டு அழிக்கின்றன. பெரியவர்களுக்குத் தொற்றும்போது இந்தப் போர் உக்கிரமாக நடந்து, நூற்றில் 95 பேருக்கு வைரஸ் விரட்டப்பட்டுவிடுகிறது. பிறந்த குழந்தையின் எதிர்ப்பு சக்திக்கு எதிரி யார், உறவு யார் என்று இன்னும் தெரியாது. அதனால் தாயிடமிருந்து தொற்றும் பச்சிளம் குழந்தைகளில் சுமார் 90 சதவிகிதம் பேரிடம் அது ஆயுசுக்கும் தங்கிவிடுகிறது. பல வருடம் கழித்து உடல் விழித்துக்கொண்டு விட்டுவிட்டுச் சண்டை போடும். ஒவ்வொரு சண்டையிலும் கொஞ்சம் செல் சாகும்.

சாகும் இடத்தில் தழும்பு விழும். கல்லீரலில் நட்சத்திர வடிவச் செல்கள் உண்டு. 1876-லேயே குப்ஃபர் என்ற ஜெர்மானியர் பார்த்து எழுதியவை. சாதாரண நாளில் வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைக்கும் சாதுவான செல்கள். பக்கத்துச் செல்கள் தொடர்ந்து செத்தால் இவை குணம் மாறி, நார்ப்பொருளை நூற்கத் தொடங்கிவிடும். மெத்தென்ற கல்லீரல் நார் நாராக இறுகும். அதுதான் சிரோசிஸ். வைரஸ், மது, உடற்பருமனால் சேரும் கொழுப்பு என எந்த வழியில் வந்தாலும் கடைசியில் நடப்பது இந்த நார் நூற்கும் வேலைதான். இருபது, முப்பது வருடம் வலியே இல்லாமல் நடக்கும். வயிற்றில் நீர் கோக்கும்போதோ, ரத்த வாந்தி எடுக்கும்போதோதான் வீட்டுக்குத் தெரியும். கண் மஞ்சளாவதும் பல நேரம் அந்தக் கட்டத்தில்தான்.

அப்போதும் வீட்டில் அரைப்பது கீழாநெல்லி என்றால், இழப்பது பச்சிலை அல்ல, நாட்கள்.

பச்சிலையால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை இருக்காதே என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் 'இம்யூனிட்டி'க்காகச் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். சீந்திலைக் குறை சொல்ல முடியாது என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே வீங்கியிருக்கும் கல்லீரலுக்கு எது போகிறது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் பச்சிலை சாப்பிட்டதைச் சொல்வதில்லை, திட்டுவார் என்ற பயத்தில்.

யாருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. தெரியவருவது எதேச்சையாகத்தான். ரத்த தான முகாமில் கொடுத்த ரத்தம் சோதனையில் ஒதுக்கப்பட்டு, ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வரும்போது. வளைகுடா வேலைக்கான மெடிக்கலில். ஆபரேஷனுக்கு முந்தைய சோதனையில். அல்லது, ஒரு பெண்ணின் முதல் பிரசவத்துக்கு முன்னால்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தாய்க்கு இருப்பது முன்பே தெரிந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு ஊசியும் போடலாம். வைரஸ் அளவு அதிகமுள்ள தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் கொடுக்கிறார்கள். தொற்று அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். அந்த 24 மணி நேரத்துக்கு அவ்வளவு விலை. வீட்டுக்குப் போய் நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற ஊசி அல்ல அது.

ஒரு காலத்தில் இந்தத் தடுப்பூசி வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே எட்டும் விலையில் இருந்தது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகு விலை சரிந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். ஹெபடைடிஸ் பி அந்த ஐந்தில் ஒன்று. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் கிடைக்கிறது. அந்தக் காலத்துக்கு முன்பு பிறந்தவர்கள், அதாவது இப்போது பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்திருக்கும் தலைமுறையில் பெரும் பகுதி, இந்த ஊசி போடாதவர்கள். அவர்களும் போட்டுக்கொள்ளலாம், மூன்று தவணை.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேட்டால் எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். ஜூலை 28 என்பது பிளம்பர்க் பிறந்த நாள். உலகக் கல்லீரல் அழற்சி தினமும் அதுவே.

இருப்பது உறுதியானால் வீட்டில் தட்டு, டம்ளர் பிரித்து வைக்க வேண்டியதில்லை. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே தறியில், ஒரே டேபிளில் வேலை பார்ப்பதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவைதான் வழி. ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் இரண்டையும் பகிரக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் சோதனை செய்துகொண்டு, இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொண்டால் போதும். எல்லோருக்கும் உடனே மாத்திரையும் தேவைப்படாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து, தேவை வரும்போது தொடங்குவார்கள். அந்த ஆறு மாதக் கணக்கைத் தவறவிடாமல் இருப்பதுதான் பலருக்குக் கஷ்டம். நோயே இல்லாததுபோல் உடம்பு இருக்கும்போது, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கு மனசு வரும்?

கீழாநெல்லி மீதான ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஃபிலாந்தின் போன்ற அதன் வேதிப்பொருள்களைத் தனித்தனியே பிரித்து, எது எந்தச் செல்லில் என்ன செய்கிறது என்று இன்னும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. என்றைக்காவது அவற்றில் ஒன்று மாத்திரையாகலாம், ஆகாமலும் போகலாம். அதுவரை, கண் மஞ்சளான ஒருவருக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை. பிலிருபின் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது, ஏ-யா, பி-யா, சி-யா, இ-யா என்று ஒரு ரிப்போர்ட். ஹெச்பிஎஸ்ஏஜி பார்க்கும் சோதனை அட்டையில் விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு போதும். சுமார் கால் மணி நேரத்தில் கோடு தெரிந்துவிடும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.